காத்து எல்லாருக்கும் பொதுதானே, அப்புறம் எப்படி அதுல ஏற்றத்தாழ்வு?

ஜன்னலோரம்:

வணக்கம், ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதான் என் முதல் பதிவு. எங்க வீடு ரெண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தா நேரா மெயின் ரோடு, ராத்திரி பகல்னு இல்லாம லாரி போயிட்டே இருக்கும். பையனுக்கு 6 வயசு. ரெண்டு வருஷமா சளி பிடிச்சா நெஞ்சுல விசில் மாதிரி சத்தம், ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவான், போன மாசம் டாக்டர் ஆஸ்துமான்னே சொல்லிட்டாங்க, இன்ஹேலர் கொடுத்திருக்காங்க.

ஆபீஸ்ல இதைப் பேசும்போது ரோட்டோரம் இருக்கறதாலதான் இப்படின்னு நினைக்கிறேன்னு சொன்னேன். அதுக்கு கூட வேலை பார்க்கறவர் ஒருத்தர் "காத்துக்கு ஏழை பணக்காரன்னு தெரியுமா, எல்லாரும் ஒரே காத்தைத்தானே இழுக்கிறோம், பரம்பரையா இருக்கும்"னு சொல்லி முடிச்சிட்டார். அவர் வீடு மெயின் ரோட்டுல இருந்து அரை கிலோமீட்டர் உள்ள தள்ளி, சுத்தி மரம். எனக்கு சட்டுனு பதில் சொல்ல வரல, ஆனா அன்னைக்கு ராத்திரி முழுக்க அதே யோசனை.

ரோட்டோரம் இருக்கறது நிஜமாவே அவ்வளவு வித்தியாசம் பண்ணுமா? போன்ல இருக்கற ஆப் தினமும் "மிதமானது"ன்னுதான் காட்டுது, பையன் நெஞ்சு அப்படிச் சொல்லலையே. அப்புறம் இந்த மாசுல சமத்துவம் நியாயம்னெல்லாம் இப்ப நிறைய பேசறாங்களே, அதுக்கு என்ன அர்த்தம்? வீடு மாத்தற நிலைமைல நாங்க இல்ல, அதையும் சொல்லிடறேன்.

மூச்சுக்குழல்:

நான் நுரையீரல் வார்டுல நர்ஸ், 14 வருஷம் ஆச்சு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க தப்பு பண்ணிட்டதா எதையும் மனசுல போட்டுக்காதீங்க, உங்க பதிவுல அது தெரியுது.

உங்க ஆபீஸ்காரர் சொன்னது பாதி சரி. பரம்பரைக்கும் பங்கு இருக்கு. ஆனா ஒரே காத்துங்கறது சரியில்ல, நுரையீரலுக்குள்ள போற அளவு ஆளுக்கு ஆள் மாறும். சும்மா உக்காந்திருக்கற பெரியவங்க நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6ல இருந்து 8 லிட்டர் காத்து இழுப்பாங்க, அதே ஆள் மூட்டை தூக்கினா 40 லிட்டருக்கு மேல போயிடும், அதுவும் வாயால இழுக்கும்போது மூக்குல இருக்கற வடிகட்டி வேலையே செய்யாது. அப்ப ஒரே தெருவுல ஒரே நேரத்துல ஏசி அறைக்குள்ள இருக்கறவருக்கும் வெளிய குழி தோண்டறவருக்கும் போற அளவு ஒண்ணா? குழந்தைங்க உடம்பு எடைக்குப் பார்த்தா நம்மைவிட அதிகமா காத்து இழுக்கறாங்க, உயரம் கம்மிங்கறதால வண்டிப் புகை வர்ற மட்டத்துக்குக் கிட்டவே அவங்க மூக்கு இருக்கு, நுரையீரல் வேற இன்னும் வளர்ந்துட்டு இருக்கற வயசு.

பிஎம் 2.5ன்னு சொல்றாங்களே, அது 2.5 மைக்ரானும் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அதுக்குக் கீழயும் இருக்கற துகள், தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இருக்காதுன்னு வச்சுக்கங்க. பெரிய தூசி மூக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்கும், இது நேரா காத்துப்பை வரைக்கும் போகும், அதைவிடச் சின்னது ரத்தத்துலயே கலந்துடும். அதனாலதான் காத்து மாசுன்னா நுரையீரல் வியாதின்னு மட்டும் நினைக்கறது தப்பு. 2019ல வெளிக்காத்து மாசால சீக்கிரமே இறந்தவங்க உலகம் முழுக்க 42 லட்சம்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல 68 சதவீதம் மாரடைப்பு மாதிரி இதய நோயும் பக்கவாதமும்தான். எங்க வார்டுக்கு வர்றவங்களைவிட பக்கத்து கார்டியாலஜி வார்டுக்குப் போறவங்கதான் அதிகம்னு அர்த்தம். அந்த 42 லட்சத்துல 89 சதவீதம் ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமான நாடுகள்லயும்.

மூச்சுப் பரிசோதனை மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இது கொஞ்சம் விலகிப் போற விஷயம்தான். ஸ்பைரோமெட்ரில ஊதச் சொல்லி வர்ற எண்ணை "உங்க இனத்துக்கு இது நார்மல்"னு ஒரு அட்டவணையோட ஒப்பிடற பழக்கம் ரொம்ப காலமா இருந்துச்சு. கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் நார்மலையே குறைச்சு வச்சிருந்தாங்க. தலைமுறை தலைமுறையா புகைக்குள்ள, சத்துக்குறைவுல வாழ்ந்ததால குறைஞ்சது எவ்வளவு, பிறவியிலேயே வந்தது எவ்வளவுன்னு பிரிச்சே பார்க்காம. அமெரிக்க தொராசிக் சங்கம்னு நுரையீரல் டாக்டருங்க அமைப்பு, அவங்க 2023லதான் இனம் பார்க்காத அளவுகோலுக்கு மாறச் சொன்னாங்க. அத்தனை வருஷமும் எத்தனை பேரை "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு திருப்பி அனுப்பிருப்போம்னு நினைச்சா மனசு கனத்துப் போகுது.

தரவுக்காரன்:

ஆப் "மிதமானது"ன்னு காட்டறதுக்கு நான் பதில் சொல்றேன், காத்துத்தர சென்சார் வேலைதான் எனக்கு.

ஆப்ல வர்ற எண் உங்க ஜன்னல்ல அளந்தது இல்லங்க. பக்கத்துல எங்கயோ இருக்கற கண்காணிப்பு நிலையத்தோட அளவு, இல்லைன்னா ரெண்டு மூணு நிலையத்துக்கு நடுவுல கணக்கு போட்டு வந்த ஊகம். ஊரோட பொதுவான அளவு தெரியணும்னு நிறைய நிலையங்களை வேணும்னேதான் ரோட்டுல இருந்து தள்ளி வைப்பாங்க, அதுக்கு அதுக்கான காரணம் உண்டு, ஆனா ரோட்டோரம் இருக்கறவங்க வாழ்க்கை அந்த எண்ணுல வராது. வண்டிப் புகையில இருக்கற கரித்துகள், நைட்ரஜன் டையாக்சைடு, ரொம்ப நுண்ணிய துகள் எல்லாம் ரோட்டு விளிம்புல உச்சத்துல இருக்கும், 100 மீட்டர் தள்ளிப் போனாலே நல்லா இறங்கும், ஒரு 300 மீட்டர்ல பெரும்பாலும் சுத்துப்பட்டு அளவோட கலந்துடும். உங்க ஆபீஸ்காரர் வீடு அரை கிலோமீட்டர் உள்ளன்னு சொன்னீங்களே, இந்த விஷயத்துல அவர் வேற ஊர்ல இருக்கார்னே வச்சுக்கலாம். பிஎம் 2.5 மட்டும் இவ்வளவு வேகமா குறையாது, அது ஊர் முழுக்கப் பரவும், ஆப் அதை வச்சுத்தான் பெரும்பாலும் நிறம் காட்டுது, அதனாலதான் உங்க ஜன்னலுக்கும் அவர் ஜன்னலுக்கும் ஒரே நிறம்.

இன்னொண்ணு, "மிதமானது"ங்கற வார்த்தையை எங்க வைக்கறதுன்னு ஒவ்வொரு நாடும் தானே முடிவு பண்ணிக்குது. உலக சுகாதார நிறுவனம் 2021ல பிஎம் 2.5க்கு வருஷ சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்னு இறக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி 10. நைட்ரஜன் டையாக்சைடை 40ல இருந்து 10க்கு இறக்கினாங்க. பல நாட்டுச் சட்டம் இன்னும் அதுக்கு எத்தனையோ மடங்கு மேல நிக்குது.

நீங்க கேட்டதுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு விஷயம். லண்டன்ல எல்லா (Ella) கிஸ்ஸி டெப்ராங்கற பேருள்ள 9 வயசுப் பொண்ணு 2013ல கடுமையான ஆஸ்துமாவுல இறந்துபோச்சு, அவங்க வீடு நெரிசலான சவுத் சர்குலர் ரோட்டுக்குக் கிட்ட. அந்தப் பொண்ணோட அம்மா ரோசமண்ட் விடவே இல்ல, முதல் விசாரணைல வந்த முடிவை ரத்து பண்ண வச்சு ரெண்டாவது விசாரணைக்குப் போனாங்க, 2020 டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரி இந்தச் சாவுக்கு காத்து மாசும் ஒரு காரணம்னு பதிவு பண்ணினார். பிரிட்டன்ல ஒருத்தர் சாவுக்குக் காரணமா காத்து மாசை எழுதினது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தத் தீர்ப்புல மறக்க முடியாதது எதுன்னா, மாசு பத்தியும் அது ஆஸ்துமாவை என்ன பண்ணும்ங்கறதும் அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லல, சொல்லியிருந்தா தடுத்திருக்க வழி இருந்துச்சுங்கறதும் அதுல வந்துச்சு. நீங்க இப்ப கேட்கறதே அதனால பெரிய விஷயம்.

பழையபட்டறை:

வார்ப்படப் பட்டறைல 22 வருஷம் இருந்தவன் பேசறேன். மேல ரெண்டு பேரும் சொன்னது நல்லாருக்கு, ஆனா இந்த மாதிரி பேச்சு எங்க போய் முடியும்னு நான் பார்த்துட்டேன், கடைசில பட்டறையை மூடுன்னு வரும், மூடினா சோறு போறது எங்களுக்கு, மூடச் சொன்னவங்களுக்கு இல்ல. எங்க பட்டறை சுத்தி குடியிருந்த சனங்க கண்ணு எரியுதுன்னு மனு கொடுத்தப்ப எங்களையே அவங்களுக்கு எதிரா நிறுத்தினாங்க முதலாளி பக்கம், வேலை வேணுமா காத்து வேணுமான்னு. அந்த மனு கொடுத்தவங்கள்ல என் தங்கச்சி வீடும் ஒண்ணு. ரெண்டு வருஷம் பேச்சில்லாம இருந்தோம்.

நர்ஸம்மா சொன்ன அந்த லிட்டர் கணக்கு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். மண்ணு அச்சைத் தட்டி உடைக்கும்போது கிளம்புற தூசி வெள்ளையா மெல்லிசா இருக்கும், அது சிலிக்கா, அந்த நேரம்தான் மூச்சு வாங்கும், வாயால இழுத்துட்டே தட்டுவோம். எனக்கு இப்ப மாடி ஏறினா நிக்கணும். மாஸ்க் கொடுத்தாங்களான்னு கேட்பீங்க, துணி கொடுத்தாங்க. உறிஞ்சி வைக்கற மிஷின் போடணும், மண்ணை நனைச்சு வேலை செய்யணும்னு எல்லாருக்கும் தெரியும், அது செலவு. நான் கேட்கறது இதான், மூடாமலே செய்ய முடியற வேலையை ஏன் எப்பவும் வேலையா உயிரான்னு எங்ககிட்ட வந்து கேட்கறாங்க?

தரவுக்காரன்:

அண்ணே, நீங்க சொன்னதை மறுக்க எனக்கு ஒண்ணுமில்ல. சமத்துவம்னு பேசும்போது வேலையிடத்தை விட்டுட்டு வீட்டையும் ரோட்டையும் மட்டும் பேசறது எங்க துறைல இருக்கற குறைதான். மாசை உண்டாக்கறது ஒருத்தர், இழுக்கறது இன்னொருத்தர்ங்கறதை அமெரிக்காவுல 2019ல கணக்குப் போட்டே காட்டினாங்க. அங்க வெள்ளையர்கள் வாங்கற பொருள், ஓட்டற வண்டின்னு அவங்க நுகர்வால வர்ற பிஎம் 2.5 அளவைவிட அவங்க சுவாசிக்கறது 17 சதவீதம் கம்மி. கறுப்பினத்தவர் தாங்க உண்டாக்கறதைவிட 56 சதவீதம் அதிகமா சுவாசிக்கறாங்க, ஹிஸ்பானிக் மக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க, 63 சதவீதம். ஜன்னலோரம் தோழி கேட்ட "அதுக்கு என்ன அர்த்தம்"ங்கறதுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியல.

நிரூபி:

எல்லாம் சரி, ஆனா ஒரு சந்தேகம், சண்டைக்கு கேட்கல. ரோட்டோரம் இருக்கறவங்க பெரும்பாலும் வசதி கம்மியானவங்க, சிகரெட் அதிகம் இருக்கலாம், சாப்பாடு சரியில்லாம இருக்கலாம், டாக்டர்கிட்ட லேட்டா போறாங்க. அப்ப வியாதிக்குக் காரணம் வறுமையா காத்தான்னு எப்படிப் பிரிக்கறது? ஏழைங்க அதிகமா சாகறாங்கங்கறதை வச்சு காத்து மேல பழி போட்டுட முடியுமா?

தரவுக்காரன்:

சரியான கேள்விங்க, இந்தத் துறையே 30 வருஷமா இதுக்குத்தான் பதில் தேடிட்டு இருந்துச்சு. 1993ல வந்த ஹார்வர்டு ஆறு நகர ஆய்வுல 8,111 பேரை 14ல இருந்து 16 வருஷம் வரைக்கும் தொடர்ந்தாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் சிகரெட், படிப்பு, எடை, வேலையிடத் தூசி எல்லாம் கேட்டு அதைக் கழிச்சுட்டுப் பார்த்தாங்க, அப்பவும் ரொம்ப அழுக்கான ஊர்ல இறப்பு விகிதம் ரொம்ப சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் அதிகம்.

கழிச்சுப் பார்க்கறதுல நம்பிக்கை இல்லைன்னா, தற்செயலா நடந்த சோதனைகள் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவுல யூட்டா பள்ளத்தாக்குல ஒரு எஃகு ஆலை 1986 ஆகஸ்ட்ல இருந்து 1987 செப்டம்பர் வரைக்கும் தொழிலாளர் தகராறுல மூடிக் கிடந்துச்சு. ஆலை ஓடின குளிர்காலங்கள்ல மார்ச்சளி, ஆஸ்துமான்னு ஆஸ்பத்திரில சேர்ந்த குழந்தைங்க எண்ணிக்கை மூடியிருந்த குளிர்காலத்தைவிட ரெண்டு மூணு மடங்கு. அதே குடும்பங்க, அதே பரம்பரை, அதே டாக்டருங்க. ஆர்டன் போப்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடிச்சது.

பட்டறைக்கார அண்ணனுக்காக இன்னொண்ணு, இதுல எதையும் மூடல. நியூஜெர்சிலயும் பென்சில்வேனியாவுலயும் சுங்கச்சாவடில வண்டி நிக்காமலே கட்டணம் எடுக்கற மின்னணு முறை வந்துச்சு. நெரிசல் குறைக்கத்தான் போட்டாங்க, உடம்பைப் பத்தி யாரும் யோசிக்கல. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள்ள இருந்த தாய்மார்களுக்கு குறைமாசப் பிரசவம் 10.8 சதவீதமும் எடை குறைஞ்ச குழந்தை பிறக்கறது 11.8 சதவீதமும் குறைஞ்சுபோச்சு. வண்டி நின்னு கிளம்பற புகை இல்லாம போனது மட்டும்தான் மாற்றம்.

நிரூபி:

யூட்டா விஷயம் எனக்குத் தெரியாது. ஏத்துக்கறேன். வறுமையையும் காத்தையும் ரெண்டா பிரிச்சு வச்சு இதுவா அதுவான்னு கேட்டதே சரியில்லையோன்னு இப்ப தோணுது.

மூச்சுக்குழல்:

ஆமாங்க, உடம்புக்குள்ள ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யுது. ஈயத்தைப் பாருங்க. பெரியவங்களைவிட சின்னக் குழந்தைங்க உடம்பு 4, 5 மடங்கு ஈயத்தை உறிஞ்சும், அதுலயும் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைஞ்ச குழந்தைன்னா இன்னும் அதிகமா உறிஞ்சும், ஏன்னா கால்சியம்னு நினைச்சு அந்த வழியாவே உள்ள விட்டுடுது. ஒரே தூசில விளையாடற ரெண்டு குழந்தைல பட்டினியா இருக்கறதுக்குத்தான் மூளை பாதிப்பு அதிகம். பெட்ரோல்ல ஈயம் கலக்கறது 1920கள்ல ஆரம்பிச்சு, கடைசி நாடு 2021ல நிறுத்தற வரைக்கும் அது நடந்துச்சு, பணக்கார நாடுகள் நிறுத்தி ரொம்ப வருஷம் கழிச்சும் மத்த நாடுகள்ல வித்துட்டுத்தான் இருந்தாங்க.

அடுப்படி:

எல்லாரும் ரோடு, ஆலைன்னே பேசறீங்க, வீட்டுக்குள்ள இருக்கறதை யாராவது சொல்வாங்கன்னு பார்த்தேன். எங்கம்மா 40 வருஷம் விறகடுப்புல ஊதி ஊதி சமைச்சவங்க. வாழ்க்கைல ஒரு சிகரெட்டைத் தொட்டதில்ல, டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறாங்க"ன்னு. அந்தக் கேள்விக்கு எங்கம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டது இன்னும் கண்ணுல நிக்குது, அவங்க ஏதோ குத்தம் செஞ்ச மாதிரி. சிஓபிடின்னு சொன்னாங்க, மூச்சுக்குழல் அடைபட்டு மூச்சு வாங்க வைக்கற நாள்பட்ட நுரையீரல் வியாதி. உலகத்துல ஏறக்குறைய 200 கோடிக்கும் மேல பேர் இன்னும் விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெய்லதான் சமைக்கறாங்க, வீட்டுப் புகையால 2020ல மட்டும் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு கணக்கு, அதுல 5 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல. அம்மா இடுப்புல இருக்கறதாலதான் அந்தக் குழந்தைங்களுக்கு அந்தப் புகை. ஒரு வீட்டுக்குள்ளயே ஆம்பளைக்கு ஒரு காத்து பொம்பளைக்கு ஒரு காத்து, இதைச் சொல்லாம சமத்துவம் பேச முடியாது.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படிச்சேன், அடுப்படி அக்கா எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் ஓடல.

இப்ப நடைமுறையா ஒண்ணு கேட்கறேன். வீடு மாத்த முடியாது, ரோட்டையும் மாத்த முடியாது, இருக்கற இடத்துல பையனுக்காக என்ன செய்யலாம்? ஜன்னலை மூடியே வச்சா புழுக்கம், திறந்தா புகை.

மூச்சுக்குழல்:

முதல் விஷயம் மருந்து. தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்திடாதீங்க, வார்டுக்கு வர்ற பாதிக் குழந்தைங்க கதை அதுதான். ஸ்பேசர், அதான் இன்ஹேலர் முன்னாடி மாட்டற குழாய், அதை வச்சுக் கொடுக்கறீங்களான்னு பாருங்க, இல்லைன்னா மருந்து தொண்டையோட நின்னுடும். திணறும்போது உடனே எடுக்கற நீல இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. பேச முடியாம மூச்சு வாங்கினா, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தா, உதடு நீலமானா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

அப்புறம் அவன் படுக்கற இடம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு அறை இருந்தா, சின்னதா இருந்தாலும் சரி, அதுல படுக்க வைங்க, ராத்திரி 9, 10 மணி நேரம் ஒரே இடத்துல மூச்சு விடறான் இல்லையா. பின்பக்க ஜன்னலைத் திறங்க, ரோட்டுப் பக்கம் போக்குவரத்து குறையற நேரத்துல மட்டும் திறங்க. முடிஞ்சா ஹெப்பான்னு நுண்ணிய துகளைப் பிடிக்கற ஃபில்டர் இருக்கற ஏர் பியூரிஃபையர் அந்த ஒரு அறைக்கு மட்டும் போதும், ஓசோன் விடற மாதிரி வர்றதை வாங்கவே வாங்காதீங்க, அது ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஆனா ஹெப்பா துகளை மட்டும்தான் பிடிக்கும், நைட்ரஜன் டையாக்சைடு மாதிரி வாயுவுக்கு அது போதாது. துணி மாஸ்க்கால பெரிய பிரயோஜனம் இல்ல, என்95 பெரியவங்களுக்கு சரி, சின்னப் பிள்ளை முகத்துக்கு இறுக்கமா பொருந்தற சைஸ் கிடைக்கறது கஷ்டம்.

ஸ்கூலுக்கு நடந்து போறதுன்னா ஒரு தெரு உள்ள தள்ளிப் போங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆனாலும்.

இதெல்லாம் சொல்லும்போதே எனக்கு உறுத்தும், ஃபில்டர் வாங்க முடிஞ்சவங்களுக்குத்தான் இந்த வழியும். உள் அறை இல்லாத வீட்டுக்கு நான் என்ன சொல்றதுன்னு ஒவ்வொரு தடவையும் தடுமாறுவேன்.

தரவுக்காரன்:

அதுக்காகத்தான் தெருவுல இருக்கறவங்க சேர்ந்து கேட்கறதும் நடக்கணும். ஒரு சின்ன சென்சாரை ரோட்டுப் பக்க ஜன்னல்லயும் இன்னொண்ணை பின்பக்கமும் ரெண்டு வாரம் வைங்க, பையன் இருமின ராத்திரிகளை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. மலிவான சென்சார் ஈரப்பதம் அதிகமானா கூட்டிக் காட்டும், அதனால தனி எண்ணை நம்பாதீங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தையும் எந்த நேரத்துல ஏறுதுங்கறதையும் பாருங்க. லாரியை ராத்திரில வேற வழியா விடுங்க, ஸ்கூல் வாசல்ல இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கன்னு மனு கொடுக்கும்போது அந்த நோட்டு உதவும்.

கேட்டா மாறுமான்னு சந்தேகம் வரும். தெற்கு கலிஃபோர்னியாவுல காத்து சுத்தமாக சுத்தமாக வேற வேற வருஷங்கள்ல மூணு தொகுதிப் பள்ளிப் பிள்ளைங்க நுரையீரலை அளந்தாங்க, 15 வயசுல நுரையீரல் திறன் ரொம்பக் குறைஞ்சிருந்த பிள்ளைங்க 7.9 சதவீதத்துல இருந்து 3.6 சதவீதமா இறங்கினாங்க, ஆஸ்துமா இருந்த பிள்ளைங்களுக்கும் வளர்ச்சி கூடுச்சு. அங்க வண்டிப் புகைக்கும் எரிபொருளுக்கும் சட்டம் போட்டாங்க, யாரும் குடும்பத்தோட வீடு மாறல.

பழையபட்டறை:

மனு எழுதறப்ப லாரி ஓட்டறவங்களையும் கூப்பிட்டுப் பேசு தாயி. அந்தப் புகைக்குள்ள நாள் முழுக்க உக்காந்திருக்கறது அவங்கதான். எங்க தெருவுல அதைச் செய்யாம விட்டுத்தான் நாங்க ரெண்டா நின்னோம்.

ஜன்னலோரம்:

சரிங்க அண்ணா, அதை நான் யோசிக்கவே இல்ல. கீழ டீக்குடிக்க நிறுத்தறவங்க ரெண்டு பேரை எனக்கு முகம் தெரியும், அவங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கறேன்.

பையன் கட்டிலை இன்னைக்கு சாயங்காலமே பின் அறைக்கு நகர்த்திட்டோம். அங்க இருந்த துணி மூட்டை, பழைய பெட்டி எல்லாம் இப்ப ஹால்ல கிடக்கு. லாரி சத்தம் கேட்காம தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு இருக்கான். நோட்டுல முதல் தேதி எழுதிட்டேன்.